கையில் கிடைத்த கல் விண்கல்லா? எந்தச் சோதனையை எவ்வளவு நம்பலாம்

காட்டிலோ ஏரிக்கரையிலோ ஒரு கல் கிடைக்கிறது. கன்னங்கரேல் என்று இருக்கிறது, கையில் எடுத்தால் எதிர்பார்த்ததைவிடக் கனக்கிறது, சுற்றிலும் கிடக்கும் கற்களோடு ஒட்டவில்லை. வானத்திலிருந்து விழுந்திருக்குமோ என்ற எண்ணம் ஒருமுறை வந்துவிட்டால் சும்மா இருக்க முடியாது. காந்தம் வைத்துப் பார், தண்ணீரில் எடை போடு, அரத்தால் தேய், நகைக்கடை மெஷினில் காட்டு, ஆசிட் ஊற்று என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். இவற்றில் எதைச் செய்வது, எதை விடுவது, எந்த விடையை எவ்வளவு தூரம் நம்புவது? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் செய்யும் எந்தச் சோதனையும் ஒரு கல்லை விண்கல் என்று உறுதி செய்யாது. ஆனால் சரியான வரிசையில் செய்தால், விண்கல் இல்லாதவற்றை மிக நன்றாகக் கழித்துக் கட்டும். எல்லோரும் முதலில் எடுக்கும் காந்தம் அந்த வரிசையில் முதல் இடத்துக்குத் தகுதியானது இல்லை.

சோதனைகளை ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டும். தமிழ்நாட்டில் கிடைத்து உலக விண்கல் பட்டியலில் இடம்பெற்ற நான்கு கற்களை ஒரு பக்கம் வைத்துக்கொள்வோம். 1857 பிப்ரவரி 28 அன்று மதுரைப் பக்கம் விழுந்தது பார்னல்லி. 1886-ல் அன்றைய தென்னாற்காட்டில் விழுந்தது நம்மியந்தல். 1898-ல் பழனி மலையில் கண்டெடுக்கப்பட்டது சுமார் 16 கிலோ எடையுள்ள கொடைக்கானல் இரும்பு. 2008 செப்டம்பர் 12 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் விழுந்தது சூளகிரிக் கல், மொத்தம் 110 கிலோ அளவுக்கு.

மறுபக்கம், நம் ஊரில் விண்கல் என்று ஏமாற வைக்கும் கற்கள். சேலம் கஞ்சமலையின் மேக்னடைட் இரும்புக்கல். கொங்கு நாடு முழுக்க, கொடுமணல் போன்ற இடங்களில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு உருக்கியவர்கள் விட்டுச்சென்ற கசடு, அதாவது இரும்புக்கிட்டம். கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் பாறை இடுக்குகளில் சுவர் போல ஓடி, வெயிலிலும் மழையிலும் உருண்டையாகக் கழன்று விழும் டோலரைட் கருங்கல். செம்புறாங்கல்லில் இருந்து உதிரும் பழுப்பு உருண்டைகள். அப்புறம் அரியலூர் போன்ற சிமெண்ட் ஆலைப் பகுதிகளில் அரவை உருளையிலிருந்து கழித்துப் போட்ட இரும்புக் குண்டுகள். துருவேறிய பின் இந்தக் குண்டைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும்.

ஒரு சோதனை இந்த இரண்டு கூட்டத்தையும் பிரித்துக் காட்டுகிறதா என்பதே கேள்வி. பிரிக்காத சோதனை எவ்வளவு பிரபலமாக இருந்தாலும் அதனால் பயனில்லை.

சோதனைக்குப் போகும் முன் இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். மேலே சொன்ன நான்கில் மூன்று, விழும்போது ஆட்கள் பார்த்தவை. இந்தியாவின் விண்கற்களில் பெரும்பாலானவையும் அப்படித்தான் கைக்கு வந்தன. காரணம் நம் தட்பவெப்பம். சாதாரண விண்கல்லுக்குள் இரும்புத் துகள்கள் சிதறிக் கிடக்கும். பருவமழையும் ஈரக்காற்றும் அந்த இரும்பைத் துருவாக்கி, கல்லையே பிளந்து மண்ணாக்கிவிடும். சகாராவிலும் அண்டார்க்டிகாவிலும் ஆயிரக்கணக்கில் கிடைப்பதற்குக் காரணம் அங்கே விண்கற்கள் அதிகம் விழுவது இல்லை. அங்கே விழுந்தவை அழியாமல் கிடக்கின்றன, வெளிர்ந்த மணலிலும் பனியிலும் கண்ணுக்குத் தெரிகின்றன. ஆகவே யாரும் விழக் காணாத ஒரு கருங்கல் தமிழ்நாட்டு வயலில் கிடந்தால், அது விண்கல்லாக இருக்கும் வாய்ப்பு தொடக்கத்திலேயே மிகக் குறைவு. நம்பிக்கையைக் கெடுக்க இதைச் சொல்லவில்லை. ஒரு சோதனை லேசாகத் தலையாட்டியதும் முடிவுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

காந்தம்: எல்லோருக்கும் பிடித்தது

காந்தம் வைப்பதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. பூமியின் மேற்பரப்பில் தனி இரும்பு இயற்கையாகக் கிடைப்பது மிக மிக அரிது. பூமியின் இரும்பில் பெரும்பகுதி உள்கருவுக்கு இறங்கிவிட்டது, மேலே மிஞ்சியது ஆக்சிஜனோடு சேர்ந்துவிட்டது. சிறுகோள்களில் இருந்து வரும் கற்களிலோ உலோகமாகவே இரும்பு இருக்கிறது, நிக்கலோடு கலந்து. எனவே விண்கல்லைக் காந்தம் இழுக்கும் என்பது பொதுவாக உண்மைதான்.

எவ்வளவு இழுக்கும் என்பதில்தான் சிக்கல். விழும் விண்கற்களில் பத்துக்கு எட்டு, சாதாரணக் கோண்ட்ரைட் எனும் வகை. அதற்குள் மூன்று பிரிவு. எச் பிரிவில் உலோக இரும்பு 15 முதல் 19 சதவீதம் வரை உண்டு. எல் பிரிவில் 4 முதல் 9 வரை. எல்எல் பிரிவில் 0.3 முதல் 3 சதவீதம் மட்டுமே. நம்மியந்தல் எச் பிரிவு, காந்தத்துக்கு நன்றாக வரும். கொடைக்கானல் முழு இரும்பு, காந்தம் ஒட்டிக்கொள்ளும். ஆனால் பார்னல்லி, சூளகிரி இரண்டும் எல்எல் பிரிவு. இழுப்பு பலவீனமாக இருக்கும்.

இப்போது மறுபக்கக் கூட்டத்தைப் பாருங்கள். கஞ்சமலைக் கல் காந்தத்தை அப்படியே பிடித்துக்கொள்ளும். அரவைக் குண்டும் பிடிக்கும். கிட்டத்தில் சில துண்டுகள் பிடிக்கும், சில பிடிக்காது. டோலரைட்டில் கொஞ்சம் மேக்னடைட் இருப்பதால் லேசாக இழுக்கும். அதாவது கஞ்சமலைக் கல் சூளகிரிக் கல்லைவிடக் காந்தச் சோதனையில் அதிக மதிப்பெண் வாங்கும்! சேலம் மாவட்டத்தில் ஒருவர் காந்தத்தை நம்பிக் கல் பொறுக்கினால் இரும்புத் தாதைத்தான் மூட்டை கட்டுவார்.

காந்தத்துக்கு ஏறக்குறைய வராத விண்கற்களும் உண்டு. 1865 ஆகஸ்ட் 25 அன்று பீகாரின் ஷெர்காட்டியில் விழுந்த கல் செவ்வாய்க் கோளில் இருந்து வந்தது. அந்த ஊர்ப் பெயரால்தான் செவ்வாய்க் கற்களின் ஒரு பெரும் பிரிவையே உலகம் ஷெர்காட்டைட் என்று அழைக்கிறது. அதில் இரும்பு உலோகமாக இல்லை. ஆகவே காந்தம் இழுக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கல்லைத் தூக்கிப் போடுவதும் முழுச்சரி ஆகாது.

இன்னொரு பெரிய குறை, பலருக்குத் தெரியாதது. இப்போது கடைகளில் கிடைக்கும் நியோடிமியம் காந்தம் மிகவும் வலுவானது. அதைத் தொட வைத்தால், கல் தன் தாய்க்கோளில் உருவானபோது பதிந்த பழைய காந்தப் பதிவு அழிந்துபோகும். சகாராவில் கிடைத்த 'பிளாக் பியூட்டி' எனும் அரிய செவ்வாய்க் கல்லின் துண்டுகளில் இப்படித்தான் நடந்தது. செவ்வாயின் ஆதி காந்தப்புலத்தைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டிய பதிவு, பொறுக்கியவர்களும் விற்றவர்களும் வைத்த கைக் காந்தத்தால் போய்விட்டதாக 2023-ல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே வலித்தது. கல் எத்தனையோ கோடி ஆண்டுகள் காப்பாற்றி வைத்திருந்ததை ஒரு நொடியில் துடைத்துவிட்டோம்.

காந்தம் வைத்தே பார்க்க வேண்டுமென்றால் திசைகாட்டி போதும். கல்லை மெல்லத் திசைகாட்டிக்கு அருகே கொண்டுபோய்த் திருப்புங்கள். ஊசி அசைந்தால் இரும்பு சார்ந்த ஏதோ இருக்கிறது. அதற்கு மேல் காந்தத்திடம் கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

கண்: குறைவாக மதிக்கப்படுவது

செலவே இல்லாத, கல்லுக்குச் சேதமே செய்யாத சோதனை நிதானமாகப் பார்ப்பது. என் வரிசையில் இதற்குத்தான் முதல் இடம். நல்ல பகல் வெளிச்சம், நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ், அவ்வளவுதான் தேவை.

முதலில் கழிப்பதற்கான அடையாளங்களைத் தேடுங்கள். கல்லில் குமிழ்க் குழிகள், உள்ளே காற்றறைகள் இருந்தால் ஏறக்குறைய நிச்சயமாக அது விண்கல் இல்லை. கிட்டமும், எரிமலைக் கல்லும், செங்கல் சூளையில் உருகிய கட்டியும்தான் அப்படி இருக்கும். விண்கல் எரிந்துகொண்டே வருவதால் உள்ளே கொதித்துப் பொங்கியிருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. காற்று மண்டலத்தில் அது ஒளிர்வது சில நொடிகள் மட்டும். உருகிய பகுதி உடனுக்குடன் வழிந்து போய்விடும், சூடு உள்ளே இறங்க நேரமே கிடையாது. கடைசி இருபது கிலோமீட்டர் உயரத்தை ஒளியில்லாமல், குளிர்ந்த காற்றின் ஊடே வெறும் கல்லாகத்தான் கடந்து விழுகிறது.

அடுத்து, வெங்கச்சங்கல். வெள்ளையாகவோ கண்ணாடி போலவோ குவார்ட்ஸ் பட்டைகளும் பொட்டுகளும் தெரிந்தால் அது பூமிக் கல். கஞ்சமலைத் தாதில் கருப்பும் வெள்ளையும் மாறி மாறி அடுக்காக ஓடும். லென்ஸ் இல்லாமலேயே இது தெரிந்துவிடும், காந்தத்தால் முடியாததைக் கண் ஒரு நொடியில் முடித்துவிடுகிறது.

இவை இரண்டும் இல்லையென்றால் உருகு மேலோட்டைத் தேடலாம். புதிதாக விழுந்த கல்லின்மீது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கருப்பு ஓடு போர்த்தியிருக்கும். பெரும்பாலும் பளபளப்பு இருக்காது. எங்காவது ஓடு உடைந்திருந்தால் உள்ளே சாம்பல் நிறம் தெரியும். வெளியே கருப்பு, உள்ளே வெளிர்சாம்பல், நடுவில் கூர்மையான எல்லை என்பது நல்ல அறிகுறி. வெளியே எப்படியோ உள்ளேயும் அதே கருப்பாக இருந்தால் சந்தேகம் கூடுகிறது. டோலரைட் இதற்கு நேரெதிர்: வெளியே பழுப்புத் தோல், உள்ளே கருமை. சில கற்களில், இரும்பு வகையில் குறிப்பாக, பிசைந்த மாவில் கட்டைவிரலால் அழுத்தியது போன்ற ஆழமில்லாத பள்ளங்கள் இருக்கும். எல்லா விண்கல்லிலும் இருக்காது, அதனால் இது இல்லை என்று கவலைப்பட வேண்டாம்.

கண்ணின் பலவீனம் பழைய கற்களில் வெளிப்படும். சில மழைக்காலம் வெளியே கிடந்த கல்லில் ஓடு துருப்பிடித்துப் பழுப்பாகிவிடும், செம்புறாங்கல்லோடு கலந்துவிடும். அங்கே வேறு சோதனைகள் வேண்டும்.

எடையும் அடர்த்தியும்

கனமாக இருக்கிறது என்று கை சொல்வதை எண்ணாக மாற்றுவது இந்தச் சோதனை. சமையலறை டிஜிட்டல் தராசு போதும். முதலில் கல்லின் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தராசின்மேல் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்து, எண்ணைச் சுழியமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியிலும் ஓரத்திலும் படாமல் முழுக்கத் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் கிராம்தான் கல்லின் கன அளவு, கன சென்டிமீட்டரில். கல் 412 கிராம், தண்ணீரில் தொங்கும்போது தராசு 120 காட்டினால், அடர்த்தி 412-ஐ 120-ஆல் வகுக்க வரும் 3.43.

சாதாரணக் கோண்ட்ரைட்டுகள் ஏறக்குறைய 3.2-க்கும் 3.8-க்கும் நடுவே இருக்கும். இரும்பு விண்கல் 7.8-ஐ ஒட்டி வரும். கொடைக்கானல் இரும்புக்குள் கல் பொதிகள் இருப்பதால் அது கொஞ்சம் குறையலாம். நம் ஊர் கிரானைட் 2.6, 2.7. டோலரைட் 3-ஐச் சுற்றி. சுத்தமான மேக்னடைட் 5.2.

கண்ணுக்கு அடுத்தபடியாக நான் நம்புவது இதைத்தான். 2.7 வந்தால் அந்த எளிய கருங்கல்லை நிம்மதியாகத் தோட்டத்தில் வைக்கலாம். 5 வந்தால் அது பெரும்பாலும் விண்கல் இல்லை, தாது. ஆனால் இதற்கும் ஓர் ஓட்டை உண்டு. கஞ்சமலைத் தாதில் மேக்னடைட்டும் வெங்கச்சங்கல்லும் கலந்திருப்பதால் இரண்டின் சராசரி சரியாக மூன்றரையில் வந்து உட்காரக்கூடும். கனமான கிட்டமும் அங்கே வரும். காந்தம், அடர்த்தி இரண்டிலும் தேறிய கல் பொய்யாக இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. மறுபுறம், 2017 ஜூன் 6 அன்று ஜெய்ப்பூர் அருகே முகுந்தபுராவில் விழுந்ததுபோன்ற கரிமக் கோண்ட்ரைட் அடர்த்தியில் கிரானைட்டையும்விடக் குறைவாக இருக்கும். அது மிக அரிய வகை. நொறுங்கும் தன்மையும் கரிக்கருப்பும் தனியாகத் தெரியும்.

கீறும் சோதனை, தேய்க்கும் சோதனை

தரை ஓட்டின் பின்பக்கம், மெருகில்லாத பகுதியில், கல்லை அழுத்திக் கோடு போட வேண்டும். மேக்னடைட் கருப்புக் கோடு போடும். ஹெமடைட் எனும் இரும்புத் தாதும் செம்புறாங்கல் உருண்டையும் செம்பழுப்பு அல்லது மஞ்சள்பழுப்புக் கோடு போடும். துருவேறாத கல் வகை விண்கல் கோடு விடாது, விட்டாலும் வெளிர்சாம்பலாக மங்கலாக இருக்கும். அடர்த்தியில் நழுவிய கஞ்சமலைக் கல் இங்கே மாட்டிக்கொள்ளும். ஒரு நிமிட வேலை, காசு இல்லை. இதை ஏன் காந்தத்தைப்போல எல்லோரும் செய்வதில்லை என்பது எனக்கு ஆச்சரியம்தான்.

இவ்வளவும் தாண்டிய கல்லுக்கு மட்டும் ஒரு ஜன்னல் திறக்கலாம். ஒரு மூலையில், நகக்கண் அளவுக்கு, அரத்தாலோ உப்புத்தாளாலோ தேய்த்து வழவழப்பாக்குவது. கல்லுக்குச் சின்னக் காயம்தான், ஆனால் திரும்பப் பெற முடியாதது. அதனால்தான் இது வரிசையில் பின்னால் வருகிறது.

ஜன்னலில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் சாம்பல் பரப்பில் வெள்ளி நிறத்தில் மின்னும் உலோகத் துகள்கள் தெரிய வேண்டும். டோலரைட்டில் இது இருக்காது. அங்கே மின்னுபவை படிகத்தின் தட்டையான முகங்கள், சாய்த்தால் அணைந்துவிடும். உலோகம் எப்படிச் சாய்த்தாலும் உலோகமாகவே தெரியும். கூடவே கோண்ட்ரூல்களையும் தேடுங்கள். மில்லிமீட்டர் அளவிலோ அதற்குக் கீழோ வட்ட வட்டமாக இருக்கும் இந்த மணிகள், சூரியக் குடும்பம் உருவான காலத்தில் விண்வெளியில் உருகித் துளியாகி உறைந்தவை. பூமிப் பாறை எதிலும் இவை கிடையாது. இவற்றைத் தெளிவாகக் கண்டுவிட்டால் அதுதான் வீட்டுச் சோதனையில் கிடைக்கும் மிகப்பெரிய ஆதாரம்.

இதிலும் நம் இரண்டு எல்எல் கற்கள் பாடம் சொல்கின்றன. பார்னல்லியின் முழு வகை எல்எல் 3.6. அந்த 3 என்பது தாய்க்கோளில் அதிகம் சூடுபடாத கல் என்று காட்டுகிறது, கோண்ட்ரூல்கள் அதில் அச்சு வார்த்ததுபோலத் தெரியும். சூளகிரி எல்எல் 6. நெடுங்காலம் சூட்டில் கிடந்து படிகங்கள் மறுபடி வளர்ந்ததால் கோண்ட்ரூல்களின் எல்லை கரைந்துபோய்விட்டது. இரும்பும் குறைவு, மணிகளும் தெரியாது. ஜன்னல் திறந்து பார்ப்பவர் சூளகிரித் துண்டு ஒன்றைச் சும்மா சாம்பல் கல் என்று ஒதுக்கிவிட வாய்ப்பு நிறைய. ஆகவே கோண்ட்ரூல் தெரிந்தால் மகிழலாம், தெரியாததை மட்டும் வைத்துக் கழிக்கக் கூடாது.

எதிர்ப்பக்கத்துப் பொறி கிட்டத்தில் இருக்கிறது. பழைய உலையில் முழுதாகப் பிரியாத இரும்பு, சிறு துளிகளாகக் கசடுக்குள் சிக்கியிருக்கும். தேய்த்தால் அதுவும் வெள்ளியாக மின்னும். பொதுவாகப் பக்கத்திலேயே குமிழ்க் குழி இருந்து காட்டிக்கொடுத்துவிடும். இல்லையென்றால் நிக்கல் சோதனைதான் வழி.

நிக்கல்: கல்லூரி வேதியியல் ஆய்வகமா, நகைக்கடை மெஷினா

விண்கல் இரும்பில் நிக்கல் கட்டாயம் இருக்கும், பொதுவாக 5 சதவீதத்துக்கு மேல். பழைய உலை இரும்பிலும் அரவைக் குண்டிலும் அந்த அளவுக்கு இருக்காது. எல்லாக் கல்லூரி வேதியியல் ஆய்வகத்திலும் டைமெத்தில்கிளையாக்சிம் எனும் வேதிப்பொருள் இருக்கும். பஞ்சில் வினிகர் நனைத்து உலோகத்தின்மேல் நன்றாகத் தேய்த்து, அதில் ஒரு சொட்டு அம்மோனியாவும் இந்தக் கரைசலும் விட்டால், நிக்கல் இருந்தால் ரோஜாச் சிவப்பு நிறம் வரும். ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் நிக்கல் இருப்பதால் அதுவும் சிவக்கும். ஆனாலும் கிட்டத்தை விலக்க இது நேர்மையான சோதனை.

நகைக்கடையில் தங்கத்தின் கேரட் பார்க்கும் எக்ஸ்ரே மெஷினில் கல்லை வைத்து, வரும் சீட்டைப் பலர் சான்றிதழ் போல வைத்துக்கொள்கிறார்கள். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த மெஷின் தங்கம், வெள்ளி, செம்பு போன்ற உலோகங்களுக்காக அமைக்கப்பட்டது. கல்லில் அதிகம் இருக்கும் ஆக்சிஜன், சோடியம், மக்னீசியம் போன்றவை அதன் கண்ணில் படாது அல்லது சரியாகப் படாது. தனக்குத் தெரிந்த தனிமங்களை மட்டும் கூட்டி நூறு சதவீதமாக்கிக் காட்டும். விளைவு, சாதாரணக் கருங்கல்லும் 90 சதவீத இரும்பு என்று சீட்டு வரலாம், இல்லாத அரிய உலோகங்களின் பெயரும் வரலாம். முழு உலோகத் துண்டாக இருந்தால் நிக்கல் இருக்கிறதா என்று பார்க்க மட்டும் உதவும்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்தச் சீட்டில் இரிடியம் என்று ஒரு வரி வந்துவிட்டால் அதைத் தேடித் தரகர்கள் வருவார்கள். அரிசியை இழுக்கும், விண்வெளி நிறுவனம் கோடிக்கணக்கில் வாங்கும், சோதனைச் செலவுக்கு முன்பணம் மட்டும் கட்டுங்கள் என்பார்கள். தமிழ்நாட்டில் காவல்துறை மீண்டும் மீண்டும் ஆட்களைக் கைது செய்யும் ரைஸ் புல்லிங் மோசடி இதுதான். எந்த விண்கல்லும் அரிசியை இழுக்காது. இரும்பு விண்கல்லில் இரிடியம் உண்மையில் உண்டு, ஆனால் பொதுவாக ஒரு டன்னுக்குச் சில கிராம் என்ற அளவில். அதைப் பிரித்தெடுத்து யாரும் பணக்காரர் ஆக முடியாது. விற்பனை விலையும் அப்படித்தான்: சகாராவின் சாதாரணக் கோண்ட்ரைட்டுகள் உலகச் சந்தையில் கிராம் ஓரிரு டாலருக்கே கிடைக்கின்றன.

ஆசிட் ஊற்றும் யோசனையை ஒரே வரியில் முடிக்கிறேன்: வீட்டில் வேண்டாம். இரும்பு விண்கல்லை அறுத்து, மெருகேற்றி, நைட்ரிக் அமிலக் கரைசல் தடவினால் பெரும்பாலான வகைகளில் குறுக்கும் நெடுக்குமாகப் படிகப் பட்டைகள் எழும். பத்து லட்சம் ஆண்டுக்குச் சில நூறு, சில ஆயிரம் டிகிரி என்ற வேகத்தில் மெதுவாக ஆறிய உலோகத்தில்தான் அது வரும், எந்தத் தொழிற்சாலையாலும் அதைச் செய்ய முடியாது. அழகானது, உறுதியானது. ஆனால் அதைச் செய்ய வேண்டியவர் ஆய்வகத்தில் இருக்கிறார்.

யாரிடம் கொண்டுபோவது

கழித்துக் கழித்து மிஞ்சிய கல்லுக்கு மூன்று வாசல்கள் இருக்கின்றன. முதலாவது அருகிலுள்ள கல்லூரியின் புவியியல் துறை. சென்னை மாநிலக் கல்லூரி, சென்னைப் பல்கலைக்கழகம், அண்ணா பல்கலைக்கழகம், சேலம் பெரியார் பல்கலைக்கழகம், அண்ணாமலைப் பல்கலைக்கழகம், தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி எனப் பல இடங்களில் புவியியல் படிப்பு இருக்கிறது. இரண்டாவது இந்தியப் புவியியல் ஆய்வு மையம். நாட்டில் கிடைக்கும் விண்கற்களைப் பெற்றுப் பாதுகாக்கும் பொறுப்பு அதனுடையது, சென்னை கிண்டியில் அலுவலகம் உண்டு. மூன்றாவது அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வகம், அதாவது பி.ஆர்.எல்., விண்கல் ஆய்வில் நாட்டின் முக்கிய இடம்.

விழக் காணாத, கண்டெடுத்த கல் என்றால் முதலில் கல்லூரிக்குப் போவதே சிறந்தது. அங்கிருக்கும் ஆசிரியர் உங்கள் மாவட்டத்துப் பாறைகளை மாணவர்களோடு நடந்து பார்த்தவர். டோலரைட்டையும் கிட்டத்தையும் கையில் வாங்கியதுமே சொல்லிவிடுவார். அவருக்கும் சந்தேகம் இருந்தால் 0.03 மில்லிமீட்டர் கனத்தில் சீவிய மெல்லிய வில்லையை நுண்ணோக்கியில் பார்க்கலாம். அதிலும் தேறினால்தான் மேலே உள்ளவர்களுக்கு வேலை. இறுதி வகைப்பாடு எலக்ட்ரான் நுண்ணாய்வுக் கருவியில் நடக்கும். ஆலிவின் கனிமத்தில் இரும்பு வகையின் பங்கு நூற்றுக்கு 16 முதல் 20 வரை என்றால் எச், 22 முதல் 26 வரை எல், 26-க்கு மேல் 32 வரை எல்எல். நம் சூளகிரி இப்படித்தான் எல்எல் என்ற பெயரைப் பெற்றது. காந்தத்தால் சொல்ல முடியாததை இந்த எண் சொல்லிவிடுகிறது.

அனுப்பும் முன் பகல் வெளிச்சத்தில் நான்கு பக்கமும் படம் எடுங்கள், உடைந்த முகத்தையும் ஜன்னலையும் நெருக்கத்தில் எடுங்கள், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வையுங்கள். எடை, அடர்த்தி, கோட்டின் நிறம், கிடைத்த இடத்தின் ஜி.பி.எஸ். எண் நான்கையும் எழுதுங்கள். காந்தம் ஒட்டுகிறது என்ற ஒரு வரி மட்டும் எழுதும் கடிதத்தைவிட இதற்குப் பதில் வரும் வாய்ப்பு பன்மடங்கு. படத்தை வைத்து ஒரு நிபுணர் இல்லை என்று சொன்னால் பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஆம் என்று சொல்லத்தான் அவருக்குக் கல் கையில் வேண்டும். கல் தேறினால், உலகப் பட்டியலில் பெயர் பதிய அதில் 20 கிராம் அல்லது மொத்த எடையில் 20 சதவீதம், இரண்டில் எது குறைவோ அது, ஓர் அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தில் நிரந்தரமாக இருக்க வேண்டும் என்பதையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

விழுந்ததைப் பார்த்திருந்தால்

அப்போது மேலே சொன்ன வரிசை முழுவதையும் மறந்துவிடுங்கள். தண்ணீர்ச் சோதனை இல்லை, தேய்ப்பது இல்லை, காந்தம் இல்லவே இல்லை. முகுந்தபுரா போன்ற கல் என்றால் தண்ணீர் பட்டாலே அதிலுள்ள உப்புகள் கரைந்துபோகும்.

விழுந்தது விண்கல்தானா என்பதில் மட்டும் ஒரு நிதானம் தேவை. 2016 பிப்ரவரி 6 அன்று நாட்றம்பள்ளி அருகே ஒரு கல்லூரி வளாகத்தில் வெடிச்சத்தத்தோடு குழி உண்டாகி, பேருந்து ஓட்டுநர் ஒருவர் உயிரிழந்தார். விண்கல் என்று அறிவிக்கப்பட்டது, உலகமெங்கும் செய்தியானது. நாசா விஞ்ஞானிகள் படங்களைப் பார்த்து, அது தரையில் நடந்த வெடிப்பைப் போலவே இருக்கிறது என்றார்கள். விண்கல் பட்டியலில் அது ஏறவில்லை. வெடித்து நெருப்புப் பிடிப்பது சிறிய விண்கல்லின் இயல்பு இல்லை. இடிபோன்ற ஓசை வானில் கேட்கும், பிறகு ஆழமில்லாத குழியில் ஒரு கல் கிடக்கும், புகையும் தீயும் இருக்காது. சூளகிரியில் விழுந்தது அத்தனை பெரிய எடை, ஆனாலும் ஊர் எரியவில்லை.

அப்படி ஒரு கல் கிடைத்தால் வெறுங்கையால் தொடாமல் சுத்தமான பிளாஸ்டிக் உறையையோ அலுமினியத் தாளையோ கையில் சுற்றி எடுத்து, அதிலேயே பொதிந்து, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். நேரம், சத்தம் வந்த திசை, குழியின் படம், பார்த்தவர்கள் யார் என்பதை எழுதிக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடமும், புவியியல் ஆய்வு மையத்திடமும் அன்றே சொல்லுங்கள். அவசரத்துக்குக் காரணம் உண்டு. விண்வெளியில் காஸ்மிக் கதிர் பட்டு உண்டான கதிரியக்க அணுக்கள் கல்லில் இருக்கின்றன. சோடியம்-22 பாதியாகக் குறைய 2.6 ஆண்டு ஆகும், ஆனால் வனேடியம்-48 பதினாறு நாளிலும், மாங்கனீசு-52 ஆறு நாளுக்குள்ளும் பாதியாகிவிடும். ஊர் மக்கள் பார்த்து முடித்து, பூஜை முடிந்து, ஒரு மாதம் கழித்துக் கல் ஆய்வகத்துக்குப் போனால் மாங்கனீசில் முப்பதில் ஒரு பங்குகூட மிஞ்சியிருக்காது.